மலைப் பகுதி வேலைவாய்ப்புத் தளம்: "அருகில் உள்ள வேலை" தேடலும் வரைபடமும் தப்பாக வருகின்றன, உதவுங்கள்

கோத்தகிரி_மேகம்:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நானும் என் தங்கையும் சேர்ந்து நீலகிரிக்கென்று ஒரு வேலைவாய்ப்புத் தளம் நடத்துகிறோம். டீ ஃபேக்டரி, ரிசார்ட், ஹோம்ஸ்டே, பள்ளி விடுதி, நர்சரி, பேக்கரி, மெடிக்கல் ஷாப் என்று இப்போது 340 விளம்பரங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், காரமடை பக்கத்து வேலைகளையும் வாங்கிப் போடுகிறோம், நம் பிள்ளைகள் நிறையப் பேர் கீழே இறங்கித்தானே வேலைக்குப் போகிறார்கள்.

தளம் வேர்ட்பிரஸில் இருக்கிறது. வேலை விளம்பரத்துக்கு ஒரு செருகுநிரல், வரைபடத்துக்கு இன்னொன்று. விளம்பரம் கொடுப்பவர் ஊர்ப் பெயரை எழுதினால் போதும், மீதியை அதுவே கண்டுபிடித்துப் புள்ளி வைத்துவிடும் என்று நம்பி விட்டுவிட்டோம். போன வாரம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், வெலிங்டன் என்று போட்ட கேன்டீன் வேலை நியூசிலாந்தில் நிற்கிறது. எமரால்டு என்று போட்ட எஸ்டேட் டிரைவர் வேலை ஆஸ்திரேலியாவில். சோலூர்மட்டத்து வேலை ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோலூரில். ஏழெட்டுப் புள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று புள்ளிகள் நார்வேக்கும் மேலே.

இதைவிட என்னை வருத்துவது தூரத் தேடல். கோத்தகிரியில் நின்று 25 கிலோமீட்டருக்குள் என்று தேடினால் மேட்டுப்பாளையமும் வருகிறது, மசினகுடியும் வருகிறது. கீழ்கோத்தகிரி பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் தளத்தில் "25 கி.மீ.க்குள்" என்று பார்த்து மேட்டுப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்ந்தாள். அவள் ஊரிலிருந்து கோத்தகிரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து இறங்க ஒரு நாளைக்குப் போக வர ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. ஒன்பது நாளில் நின்றுவிட்டாள். அவள் அம்மா எங்களிடம் வந்து திட்டவில்லை, "பக்கம்னு போட்டிருந்தீங்களே தம்பி" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

இன்னும் இரண்டு சின்னப் பிரச்சினைகள். தமிழில் "குன்னூர்" என்று தேடினால் பாதி விளம்பரம்தான் வருகிறது. அப்புறம், வேலை விவரப் பக்கத்தில் "வரைபடம்" என்ற தாவலை அழுத்தினால் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகவே இருக்கிறது.

மாதாமாதம் வரைபடத்துக்குப் பணம் கட்டும் நிலையில் நாங்கள் இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

---

மஞ்சூர்க்காரன்:

நண்பரே, நானும் குந்தா பக்கம்தான், இப்போது கோவையில் இந்த வேலையே பார்க்கிறேன். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நிற்பவை எல்லாம் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. ஊர் கிடைக்கவில்லை, ஆனால் வெற்றாக விடாமல் பூஜ்ஜியமாகச் சேமித்திருக்கிறது. பூஜ்ஜியம் வந்தால் வரைபடத்திலும் தூரத் தேடலிலும் அந்த விளம்பரத்தைச் சேர்க்காதே என்று ஒரு நிபந்தனை போடுங்கள். நார்வேக்கு மேலே நிற்பவற்றில் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. கோத்தகிரி 11.42 வடக்கு, 76.86 கிழக்கு. அதைத் திருப்பிப் போட்டால் 76.86 வடக்கு, 11.42 கிழக்கு, அது ஆர்க்டிக் கடல். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும், ஏனென்றால் ஜியோஜேசன் என்ற இடத் தரவு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில், லீஃப்லெட் என்ற வரைபடம் காட்டும் நிரலில் அட்சரேகை முதலில். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றிய விளம்பரங்களா அந்த மூன்றும் என்று பாருங்கள். நம் ஊருக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: முதல் எண் 11-இலும் இரண்டாவது எண் 76 அல்லது 77-இலும் தொடங்காவிட்டால் சேமிக்கவே விடக்கூடாது.

வெலிங்டன், எமரால்டு கதைக்குக் காரணம், வெறும் ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பியது. உலகத்தில் எந்த வெலிங்டன் பெரியதோ அதைத்தான் அது முதலில் தரும், அது நியூசிலாந்தின் தலைநகரம். நாட்டை இந்தியா என்று கட்டினால் இவை இரண்டும் சரியாகும், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கூடலூர் என்றால் தேனி மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது, என் மஞ்சூர் கோட்டயம் பக்கத்திலும் இருக்கிறது. அதனால் ஒரு செவ்வகம் கொடுத்து அதற்குள் மட்டும் தேடச் சொல்லுங்கள். தெற்கே 11.1, வடக்கே 11.75, மேற்கே 76.1, கிழக்கே 77.1 என்று தாராளமாகக் கொடுத்தால் மாவட்டம் முழுவதும் அடங்கும், மேட்டுப்பாளையமும் உள்ளே வந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் ஊர் தேடும் சேவையான நாமினாட்டிமில் இதற்கு வியூபாக்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது, கூடவே பவுண்டட் என்பதற்கு 1 கொடுங்கள். கூகுளில் பவுண்ட்ஸ் என்று இருக்கிறது, ஆனால் அது அந்தப் பகுதிக்கு முன்னுரிமை மட்டும்தான் தரும், வெளியே இருப்பதை அடியோடு தடுக்காது. அதனால் வந்த விடை செவ்வகத்துக்குள் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இப்போது 25 கிலோமீட்டர் விஷயம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர்தான், ஆகவே அது வந்தது கணக்குப்படி சரி. ஆனால் மசினகுடி நேர்க்கோட்டிலேயே 29 வரும். 25 போட்டு 29 வந்தால் உங்கள் செருகுநிரல் மைலில் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம், 25 மைல் என்றால் 40 கிலோமீட்டர். அமைப்புகளில் அலகு மாற்ற இடம் இருக்கும். இல்லையென்றால் நிரலுக்குள் 3959 என்ற எண்ணைத் தேடுங்கள், பூமியின் ஆரம் மைலில் அதுதான். அதை 6371 என்று மாற்றினால் கிலோமீட்டர்.

பணம்: கூகுள் வரைபடம் என்றால் 2018 முதல் பில்லிங் கணக்கு இணைத்தே ஆக வேண்டும், இலவச அளவுக்குள் நின்றாலும்கூட. உங்கள் அளவுக்கு லீஃப்லெட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் போதும். நாமினாட்டிமின் பொதுச் சேவையில் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக்கூடாது, உங்கள் தளம் எது என்ற அடையாளத்தோடு அனுப்ப வேண்டும், எழுத்து எழுத்தாகத் தட்டும்போது ஊர் பரிந்துரைக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. 340 விளம்பரத்தையும் மறுபடி ஓட்டினால் ஆறு நிமிடம். கிடைத்த எண்களை உங்கள் தரவுத்தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தேடலுக்கும் போய்க் கேட்காதீர்கள். வரைபடத்தின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும், சிலர் அழகு கெடுகிறது என்று மறைத்துவிடுகிறார்கள், அது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

---

பந்தலூர்_டீச்சர்:

தம்பி, எனக்கு நிரல் தெரியாது. இருபது வருடமாகப் பள்ளி முடித்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்பி வைக்கிறேன், அதனால் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சூர்த் தம்பி சொன்னபடி மைலைக் கிலோமீட்டராக மாற்றினாலும் அந்தப் பெண்ணின் கஷ்டம் தீராது. மேட்டுப்பாளையம் அப்போதும் 16 என்றுதான் காட்டும். நம் மலையில் காக்கை பறக்கும் தூரத்தை வைத்து யாரும் வேலைக்குப் போக முடியாது. ஊட்டியும் கூடலூரும் நேராகப் பார்த்தால் 25 கிலோமீட்டர், சாலையில் 50, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊட்டியும் மசினகுடியும் இருபதுக்குள்தான். கல்லட்டி வழியாகப் போனால் 36 கொண்டை ஊசி வளைவு, அந்த வழியில் பஸ்ஸும் குறைவு. கூடலூர் சுற்றிப் போனால் கிட்டத்தட்ட 67 கிலோமீட்டர். இதில் எதை "தூரம்" என்று போடுவீர்கள்?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், திரும்பி வர கடைசி வண்டி எப்போது என்பதைத்தான் சொல்வார்கள். உங்கள் தளமும் அப்படிச் சொல்ல வேண்டும். "கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்" என்று மேட்டுப்பாளையத்து வேலைக்கு மேலே ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் வீட்டிலேயே யோசித்திருப்பாள். ரிசார்ட் வேலை இரவு பத்துக்கு முடிந்தால் தங்குமிடம் உண்டா இல்லையா என்பதும் இட விவரத்திலேயே இருக்க வேண்டும் என்பேன். பத்து மணிக்கு மேல் வீடு திரும்ப வண்டி இல்லை, யானை நடமாட்டமும் இருக்கிறது.

இன்னொன்று. மாவட்ட எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். பந்தலூரிலிருந்து ஊட்டி எங்களுக்கு வெகுதூரம், கேரளத்துச் சுல்தான் பத்தேரிதான் பக்கம். நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். நீலகிரி என்று ஒரு கோடு போட்டு அதற்குள் மட்டும் தேடினால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தளத்தால் பயன் கிடையாது.

---

கோத்தகிரி_மேகம்:

அக்கா, நீங்கள் சொன்னதை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். பத்தேரி எங்கள் யோசனையிலேயே இல்லை, சேர்த்துவிடுகிறோம்.

மஞ்சூர் நண்பரே, மைல்தான். 3959 ஒரு கோப்பில் இருந்தது, மாற்றினேன், மசினகுடி போய்விட்டது. செவ்வகமும் போட்டாயிற்று. ஆனால் செவ்வகம் போட்ட பிறகும் சோலூர்மட்டம் சோலூருக்கே போகிறது, இரண்டும் உள்ளேதானே இருக்கின்றன. அக்கா சொன்ன பஸ் நேரத்தைத் தேடலுக்குள் கொண்டுவர வழி உண்டா? பயண நேரம் தரும் சேவைகளைப் பார்த்தேன், எல்லாம் கார் நேரம் சொல்கின்றன.

---

மஞ்சூர்க்காரன்:

டீச்சர் சொன்னதுதான் சரி, நான் கணக்கைத் திருத்தியதோடு நின்றுவிட்டேன். அதைச் செய்யும் வழி நீங்கள் நினைப்பதைவிட எளிது.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடவே வேண்டாம். உங்களிடம் வேலை வரும் ஊர்கள் அதிகம் போனால் நூறு இருக்குமா? அவற்றை ஒரு அட்டவணையாக நீங்களே எழுதுங்கள்: ஊர், தாலுகா, அட்சரேகை, தீர்க்கரேகை, வேறு பெயர்கள். விளம்பரம் கொடுப்பவர் அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். "சோலூர், உதகை தாலுகா" ஒரு வரி, "சோலூர்மட்டம், கோத்தகிரி தாலுகா" இன்னொரு வரி, அப்போது எந்த இயந்திரமும் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. எண்களைக் கையால் எடுப்பது இரண்டு நாள் வேலை. ஆனால் அது முடிந்தால் வெளிச் சேவை எதையும் நம்ப வேண்டாம், செலவும் பூஜ்ஜியம்.

அப்புறம் இரண்டாவது அட்டவணை: புறப்படும் ஊர், சேரும் ஊர், பஸ்ஸில் எத்தனை நிமிடம், மாற வேண்டுமா, கடைசி வண்டி. 40 ஊர்களுக்கு எல்லா ஜோடியும் எழுதினால் 780 வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அடுத்தடுத்த ஊர்களை மட்டும் எழுதினால் போதும். கோத்தகிரி–கட்டபெட்டு, கட்டபெட்டு–குன்னூர், குன்னூர்–ஊட்டி என்று கண்ணி கண்ணியாக. மீதியைக் கூட்டிக் கணக்கிடலாம், மாறும் இடத்துக்கு 20 நிமிடம் காத்திருப்பு சேருங்கள். தேடுபவருக்கு "எத்தனை கிலோமீட்டர்" என்ற பெட்டியை எடுத்துவிட்டு "அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி" என்று கொடுங்கள்.

ஒரு விஷயம் மறக்கக்கூடாது, இந்த நேரங்கள் வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. கோடை சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் மொத்தப் போக்குவரத்தும் உங்கள் சாலைக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் "இப்போது அடைப்பு" என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள், தங்கை செல்பேசியிலிருந்தே அதை மாற்றுகிற மாதிரி.

---

லவ்டேல்_பனி:

மீதி இரண்டுக்கு நான் சொல்கிறேன். அச்சகத்தில் பல வருடம் தமிழ்த் தட்டச்சு செய்தவன், "குன்னூர்" வராத காரணம் எனக்கு உடனே தெரிந்தது.

ஒரே எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடியும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "கோ" என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். இப்படி இரண்டாக இருப்பதை ஒன்றாக்க என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தும் முறை பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதை ஓட்டினால் கோத்தகிரி ஒன்றாகிவிடும். ஆனால் குன்னூருக்கு அது போதாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவர்கள் கடைசி "ர்" எழுத்தை ரகரமாக அடிக்காமல் காலுக்கு மேல் புள்ளி வைத்து அடித்திருப்பார்கள். "குன்னூா்" என்று. திரையில் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். கால், புள்ளி இரண்டும் சேர்ந்து வந்தால் ர, புள்ளி என்று மாற்று என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழில் அந்தச் சேர்க்கைக்கு வேறு வேலையே கிடையாது. கூடலூர், மஞ்சூர், சோலூர் எல்லாமே "ர்" என்று முடிகிற ஊர்கள், பாதி விளம்பரம் காணாமல் போனது இதனால்தான் இருக்கும். மஞ்சூர்க்காரர் சொன்ன அட்டவணையில் ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றையும் ஒரே ஊருக்குப் பெயர்களாகப் போடுங்கள், ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்கு அந்த எழுத்துக்கூட்டல்களும் சேரட்டும்.

சாம்பல் நிறம்: வரைபடம் மூடிய தாவலுக்குள் உருவாகும்போது அதற்கு அகலம், உயரம் தெரியாது. தாவல் திறந்த பிறகு லீஃப்லெட்டின் இன்வாலிடேட்சைஸ் என்ற கட்டளையை ஒருமுறை கூப்பிடுங்கள், நிரம்பிவிடும். என் யோசனை, அதைவிட நல்லது, அழுத்தினால்தான் வரைபடமே உருவாகட்டும். எஸ்டேட் லைனில் இருப்பவருக்கு சிக்னல் ஒரு கோடுதான் வரும், அவருக்கு முதலில் தெரிய வேண்டியது சம்பளமும் போன் நம்பரும்.

"என் இருப்பிடத்துக்கு அருகில்" பொத்தான் வைத்திருந்தால் தளம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குரோம் அனுமதியே கேட்காது. கணினி மையத்தில் உட்கார்ந்து தேடுபவருக்கு ஜிபிஎஸ் கிடையாது, இணைய முகவரியை வைத்துக் கோவை, சென்னை என்று எங்கேயாவது காட்டும், ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி எப்போதும் மேலே இருக்கட்டும். வரைபடத்தை நம் மலையும் சுற்றுவட்டாரமும் மட்டும் தெரியும்படி மேக்ஸ்பவுண்ட்ஸ் போட்டு, குறைந்தபட்சப் பெரிதாக்க அளவையும் கட்டுங்கள். வெளிநாட்டு வரைபடங்களில் இந்திய எல்லை நம் அரசு வரைபடத்தில் இருப்பது போல் இருக்காது, அந்தச் சிக்கலும் உங்கள் தளத்தில் வராது.

கடைசியாக, ஹோம்ஸ்டே, வீட்டு வேலை விளம்பரங்களுக்குத் துல்லியமான புள்ளி வைக்காதீர்கள். அவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். ஊர் அளவில் ஒரு வட்டம் போதும், சரியான இடத்தை நேர்காணலுக்குக் கூப்பிடும்போது அவர்களே சொல்லட்டும்.

---

கோத்தகிரி_மேகம்:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இதிலேயே உட்கார்ந்திருந்தோம்.

காலும் புள்ளியும் சேர்ந்த "ர்" 112 விளம்பரங்களில் இருந்தது. மாற்றியதும் குன்னூர் தேடல் முழுதாக வந்துவிட்டது. ஊர் அட்டவணையில் 83 ஊர்கள் ஏறியிருக்கின்றன, பத்தேரியும் நிலம்பூரும் உட்பட. வெலிங்டன், எமரால்டு, சோலூர்மட்டம் மூன்றும் சொந்த ஊர் திரும்பின. தூரப் பெட்டியை எடுத்துவிட்டு நேரப் பெட்டி வைத்திருக்கிறோம். கோத்தகிரியில் நின்று ஒரு மணி நேரம் என்று தேடினால் மேட்டுப்பாளையம் வருவதில்லை, குன்னூர் வருகிறது. தங்குமிடம் உண்டா என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் இரவு வேலை விளம்பரம் போட முடியாதபடி செய்துவிட்டோம், அக்கா.

எஸ்டேட்டுகளுக்கு மட்டும் இன்னும் தெளிவு இல்லை. ஒரே எஸ்டேட் பெயரில் மூன்று டிவிஷன், ஒன்றுக்கொன்று நடந்தால் முக்கால் மணி நேரம். அட்டவணையில் எஸ்டேட் அலுவலகத்தைத்தான் வைத்திருக்கிறேன்.

---

பந்தலூர்_டீச்சர்:

அலுவலகத்தை வைக்காதே தம்பி. எந்த டிவிஷன், அதற்கு எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை நிமிடம் நடை, எஸ்டேட் வண்டி வருமா என்று விளம்பரம் கொடுப்பவரையே எழுதச் சொல். புள்ளியை அந்த பஸ் ஸ்டாப்பில் வை. இங்கே முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளை அந்த ஸ்டாப்பில்தான் இறங்கி நிற்கும்.

---

கோத்தகிரி_மேகம்:

சரி அக்கா, அப்படியே செய்கிறேன், விளம்பரப் படிவத்தில் "இறங்க வேண்டிய ஸ்டாப்" என்று ஒரு கட்டம் சேர்க்கிறோம். கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், மஞ்சூர், கேத்தி பாலாடா பக்கங்களில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள், அந்த நான்கு கண்ணிகள்தான் இன்னும் காலியாக இருக்கின்றன.